உருட்டத் தெரியும், அடிக்கத் தெரியாது

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்குப் பெத்தாங் ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் கொஷொனே என்ற சிறு மரக்குண்டுக்கு அருகில் நம் இரும்புக் குண்டைக் கொண்டு சேர்ப்பது புவாந்தே; எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளுவது தீரே. 40 வருஷமாக நான் புவாந்தே மட்டும்தான். அடிப்பதற்கு என் கூட்டாளி இருந்தார். போன தை மாதம் அவர் காலமானார்.

புதுக் கூட்டாளிக்கும் உருட்ட மட்டுமே வரும். அதனால் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் என் மூன்று குண்டுகளும் இலக்குக்கு முன்னாலேயே விழுந்தன. விசை போதவில்லை என்று தோளைக் கொடுத்து வீசினேன். குண்டு வலப்பக்கம் ஓடியது, இரவெல்லாம் தோள்வலி.

பிறகுதான் அவர் எப்படி அடிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் பலமாக வீசியதே இல்லை. கையைப் பின்னால் நன்றாக விட்டு, ஊஞ்சல் மாதிரி அதுவே முன்னால் வரவிடுவார். அடிக்க வேண்டிய குண்டைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். குண்டு போன பின்பும் கை உயர்ந்தபடியே நிற்கும். நானோ உருட்டுகிற பழக்கத்தில் கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, குறையை ஈடுகட்ட உடம்பை முன்னால் தள்ளினேன். வட்டத்துக்குள் இருக்க வேண்டிய கால் எழும்பியது.

பெத்தாங் என்ற சொல்லுக்கே தென் பிரான்சின் புரொவான்ஸ் மொழியில் 'கால் ஊன்றி' என்றுதான் பொருள். அது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். என் காலுக்கு இப்போதுதான் தெரிந்தது.

இப்போது 10 முறை வீசினால் 4 முறை படுகிறது. 'ணங்' என்று சத்தம் கேட்டதும், பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.