வேறு வழியாய்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா என்பதை அறிய எங்கள் புளியங்குடியில் எவரும் செய்தித்தாளைப் புரட்டுவதில்லை. ஆனி பிறந்து, மேற்கு மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி, எலுமிச்சைத் தோட்டங்களின் மேல் சாரல் தூறத் தொடங்கினாலே ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும். தென்காசியிலிருந்து வரும் பேருந்தில் ஈரத் தலையோடு யாரேனும் இறங்கினால், நலம் விசாரிப்பதற்கு முன்பே நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தண்ணி எப்படி விழுது?" மெயின் அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை, ஐந்தருவியில் பரவாயில்லை, புலியருவியில் குழந்தைகளைக் குளிப்பாட்டலாம் என்று பதில் வரும். அதைக் கேட்டுக்கொண்ட பின்னர்தான் வேன் பேசுவோம், கட்டுச்சோறு கட்டுவோம்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படிப் பழகிய நான், ரைன் நதியில் ஒரு வாரம் கப்பலில் செல்வதற்காகச் சில இலட்சங்களைச் செலவிடத் துணிந்தபோது, அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்துபோனேன். அந்த மறதி எனக்குக் கற்பித்தவற்றை, இத்தகைய பயணத்தை மனத்தில் எண்ணியிருக்கும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

பயணத்தின் ஆசை என் மனைவியுடையது. சிறுமியாய் இருந்த காலத்தில் அவளுடைய பங்கு ஆலயக் குடிலில், மூன்று ராஜாக்களின் சுரூபங்களைக் கிறிஸ்து பிறப்பு அன்றே குழந்தை இயேசுவின் அருகில் வைத்துவிடமாட்டார்களாம். ஆலயத்தின் மறுகோடியில் வைத்து, நாளுக்குச் சிறிது தூரமாய்ச் சிறுவர் சிறுமியர் நகர்த்திக்கொண்டே வருவார்களாம். திருக்காட்சிப் பெருவிழா அன்றுதான் அவர்கள் குடிலை அடைவார்கள். அப்படி நகர்த்திய கைகளில் ஒன்று இவளுடையது. ஜெர்மனியில் செவிலியராகப் பணியாற்றும் எங்கள் மகள், கொலோன் நகரப் பேராலயத்தில் அந்த ராஜாக்களின் திருப்பண்டங்கள் பொற்பேழையில் வைக்கப்பட்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்ன நாள்முதல், அதனைக் காண வேண்டும் என்ற ஏக்கம் இவளைப் பற்றிக்கொண்டது. ஆனால் இரு முழங்கால்களிலும் தேய்மானம். ஊர் ஊராய் இரயில் மாறி, பெட்டி தூக்கி, படியேறி இறங்க இயலாது. "அப்படியானால் நதிக் கப்பலில் வாருங்கள், ஒரே அறை, ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். ஊர்கள் உங்களிடம் வரும்" என்றாள் மகள். சொல்லும்போதே, "மே மாதம் வாருங்கள்; கோடைக் கடைசியில் நதியில் தண்ணீர் குறைந்துவிடும்" என்றும் சொன்னாள். ஆகஸ்டு மாதத்துக் கட்டணம் கணிசமாகக் குறைந்திருந்ததைக் கண்டு, அவளுடைய பேச்சை நான் செவியில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு 2022.

ரைன் நதி ஆல்ப்ஸ் மலையின் பனியிலும் மழையிலும் வாழ்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கீழே, படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஆகவே, அந்தப் பகுதியில் தண்ணீரைத் தேக்கி மட்டத்தைக் காக்க முடிகிறது. ஆனால் இஃபெட்ஸ்ஹைம் என்ற இடத்தோடு அத்தொட்டிகள் முடிந்துவிடுகின்றன. அதற்குக் கீழே கடல்வரை நதி தன் போக்கில் ஓடுகிறது. பிங்கனுக்கும் கோப்லென்சுக்கும் இடையே, மலையிடுக்கில் கோட்டைகள் சூழ நதி வளைந்து செல்லும் 65 கிலோமீட்டர்ப் பகுதியே இப்பயணத்தின் அழகெல்லாம் திரண்ட இடம். 2002இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அதே இடம்தான் ஆழம் குறைந்த இடமும்கூட. அங்குள்ள காவுப் என்னும் சிற்றூரின் நீர் அளவுகோலைப் பார்த்தே கப்பல்காரர்கள் முடிவெடுக்கிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டராக இறங்கியது. 2022 ஆகஸ்டின் நடுவில், நாங்கள் கப்பலில் இருந்த நாள்களில், 32 சென்டிமீட்டர் அளவில் நின்றது. அளவுகோலின் சுழி நதியின் அடிமட்டம் அன்று. கப்பல் வழியின் உண்மை ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஆயினும் நூற்றைம்பது பேரைச் சுமக்கும் கப்பலுக்கு அந்த ஆழம் போதவில்லை.

நான்காம் நாள் இரவு உணவின்போது அறிவிப்பு வந்தது. கப்பல் மேற்கொண்டு செல்லாது. காலையில் பெட்டிகளைக் கட்டிப் பேருந்தில் ஏற வேண்டும். கீழ்ப்பகுதியில் வேறொரு கப்பல் காத்திருக்கும். எனக்கு உடல் நடுங்கியது. கோபத்தை விடவும் குற்ற உணர்வு பெரிதாய் இருந்தது. அதை மறைக்க, பயணிகளுக்குப் பொறுப்பாயிருந்த இளம்பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சண்டையிட்டேன். ஒப்பந்தத்தில் இருப்பதைத்தான் அவள் பொறுமையாக எடுத்துக் காட்டினாள்: நீர்மட்டம் ஏறினாலோ இறங்கினாலோ வழியை மாற்றவும், பேருந்தில் அழைத்துச் செல்லவும் கப்பலாருக்கு உரிமை உண்டு. கையொப்பமிட்ட நான்தான் அதைப் படிக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் என் மனைவி சொன்னாள்: "ஏங்க, அருவியில குளிக்க விடலைன்னா போலீஸ்காரரோடயா சண்டை போடுவோம்? அந்தப் பிள்ளை என்ன செய்யும், தண்ணியைக் குடத்துல மொண்டா ஊத்தும்?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அது வானத்தின் செயல் என்று ஏற்றுக்கொள்கிறோம். தண்ணீர் மிகுந்து தடை விதித்தால், அது நம் உயிரைக் காக்க என்று உணர்கிறோம். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோன பிறகு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெருந்தொகை கொடுத்துவிட்டோம் என்றதும், நதியையும் விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணிவிடுகிறோம்.

இனி, பட்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, காலம். பனியுருகும் வசந்தத்தில் வெள்ளம் வந்தால் கப்பல் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. கோடைக் கடைசி முதல் இலையுதிர் காலம்வரை வறட்சியின் அச்சம். மே, ஜூன் மாதங்கள் பெரும்பாலும் நடுநிலையானவை. எனினும் உறுதி சொல்ல எவராலும் இயலாது. டான்யூப் நதியிலும் பவேரியாவில் ஸ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே இதே தொல்லை உண்டு. மோசல் நதியோ முழுவதும் மதகுத் தொட்டிகளால் படிப்படியாகத் தேக்கப்பட்டிருப்பதால் வறட்சியை நன்கு தாங்குகிறது. அதன் கரையிலுள்ள டிரியர் நகரில், ஆண்டவரின் திருவுடை எனப் போற்றப்படும் அங்கியைக் காக்கும் பேராலயமும், திருத்தூதர் மத்தியாவின் கல்லறையும் இருக்கின்றன.

இரண்டாவது, கப்பல். நதிக் கப்பல்களில் படியே இராது என்று நாங்கள் எண்ணியது பிழை. மின்தூக்கி உண்டா, அது கீழ்த்தளம்வரை இறங்குமா என்று கேளுங்கள். பல கப்பல்களில் இறங்காது. கூட்டம் மிகுந்த துறைகளில் இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றையொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்குச் செல்ல அடுத்த கப்பலின் ஊடாக நடக்க வேண்டும்; சில வேளை மேல்தளத்திற்கு ஏறி இறங்கவும் வேண்டும். பழைய நகரங்களின் வீதிகள் கருங்கல் பாவியவை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு உறுதியான செருப்பும் ஊன்றுகோலும் இன்றியமையாதவை. நடுத்தளத்து அறைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீண் அன்று.

மூன்றாவது, ஆவணங்கள். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஷெங்கன் விசாவிற்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பதினைந்து நாள். கோடைக்கு விண்ணப்பிப்போர் மிகுதியாதலால் முந்திக்கொள்வது நன்று. பல நாடுகளைக் கடக்கும் கப்பலென்றால், எந்நாட்டில் அதிக இரவுகளோ அந்நாட்டின் தூதரகத்திற்கே விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாடு. பயண அட்டவணையை வைத்து இரவுகளை எண்ணிப் பாருங்கள். விரல்ரேகை பதிய நேரில் செல்ல வேண்டும். நாங்கள் தென்காசியில் பொதிகை விரைவு வண்டியேறிச் சென்னை சென்று வந்தோம். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். டான்யூபின் கீழ்ப்பகுதிக்குச் செல்வோர், செர்பியா ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது என்பதை நினைவிற்கொண்டு, பலமுறை நுழைவதற்கான விசா கேட்க வேண்டும். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக எல்லைக்குள் வந்துவிட்டன.

நான்காவது, பணம். விளம்பரத்தில் காணும் தொகை முழுத் தொகை அன்று. விமானக் கட்டணம், துறைமுக வரி, கரைச் சுற்றுலாக்கள், பணியாளருக்கான அன்பளிப்பு ஆகியவை சேர்ந்தவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்தில் பெறுங்கள். நீர்மட்டத்தால் வழி மாறினால் என்ன ஈடு தருவார்கள் என்ற பகுதியைப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கப்பல் எவருக்காகவும் காத்திராது. புறப்படும் துறைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

ஐந்தாவது, மூட்டை. மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இறைச்சியும் பாலால் ஆனவையும் ஐரோப்பிய எல்லைக்குள் கொண்டுசெல்லத் தடை. மகளுக்கென்று வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அக்காள் வீட்டோடு நின்றுவிட்டது. எங்கள் ஊர் எலுமிச்சம்பழத்திற்கும் சான்றிதழ் வேண்டுமாம். ஊறுகாய்க்கு அந்தத் தடை இல்லை.

ஆறாவது, ஞாயிறு. கப்பலில் திருப்பலி இராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். எந்த நாளில் எந்த ஊர் என்பதைப் பார்த்து, அங்குள்ள ஆலயத்தின் நேரத்தை முன்கூட்டியே மகனையோ மகளையோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்கள் கதையின் மீதி. மறுநாள் பேருந்து நெடுஞ்சாலை வழியே சென்றது. எந்தக் கோட்டையையும் நாங்கள் காணவில்லை. இவள் முழங்கால்கள் வீங்கின. வழி நெடுகச் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். பிற்பகல் கடந்து கொலோனை அடைந்தோம். 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் வெயிலில் கறுத்து நின்றன. 1248இல் அடிக்கல் இட்ட அந்த ஆலயம் முடிந்தது 1880இல். இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேலை நின்றே போயிருந்தது. ஒரு நாள் தாமதத்திற்கு நான் போட்ட கூச்சலை எண்ணி அந்த வாசலில் தலைகுனிந்தேன்.

பீடத்திற்குப் பின்னே பொற்பேழை இருந்தது. 1164இல் பேராயர் ரைனால்டு மிலான் நகரிலிருந்து கொண்டுவந்த திருப்பண்டங்களுக்காகச் செய்யப்பட்டது அது. பேழையை எட்டிப் பார்க்கக்கூடிய ஓர் இருக்கையில் இவளை அமர்த்தினேன். நெடுநேரம் அவள் பேசவில்லை. நான் மெல்ல, "என்னை மன்னித்துவிடு, மே மாதமே வந்திருக்க வேண்டும். நதி வழியாய் உன்னைக் கூட்டி வர முடியாமல் போயிற்று" என்றேன்.

அவள் பேழையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "அதனால என்ன? இவுக மூணு பேரும் வந்த வழியாவா ஊருக்குப் போனாங்க? வேற வழியாத்தானே போனாங்க."

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனையோ முறை ஆலயத்தில் வாசித்திருக்கிறேன். வழி மாறியதை அந்த ஞானிகளின் துயரமாக நற்செய்தியாளர் எழுதவில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஏரோதின் அவையில் வழி கேட்டு வந்தவர்கள், குழந்தையைக் கண்ட பிறகு, கனவில் வந்த எச்சரிக்கைக்குப் பணிந்து மறுவழியில் திரும்பினார்கள். அவர்கள் நாடி வந்தது கிடைத்துவிட்டது.

இன்றும் நதிப் பயணம் பற்றி யோசனை கேட்க எவரேனும் வீட்டிற்கு வந்தால், விசாவையும் காப்பீட்டையும் நான் விளக்குகிறேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களா என்று முதலில் கேட்பவள் இவள்தான். ஒவ்வோர் ஆண்டும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்து எங்கள் வீட்டுக் குடிலைப் பிரிக்கும்போது, மூன்று ராஜாக்களையும் வந்த பக்கமாக அவள் எடுப்பதில்லை. குடிலின் பின்புறமாய்க் கையை நீட்டி, ஒவ்வொருவராக மறுபக்கம் எடுத்துத் துணியில் சுற்றி வைக்கிறாள்.