சிறிய மடிக்கணினி போதுமா?

 

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வேண்டும். கையிலோ இருபதாயிரம் ரூபாய் தேறவில்லை. நம் தருமபுரி மாவட்டத்தில் இந்நிலையிலுள்ள குடும்பங்கள் அநேகம். பென்னாகரத்திலுள்ள என் தங்கையின் வீடும் அவற்றுள் ஒன்று. பி.காம். படிக்கத் தருமபுரிக்கு நாள்தோறும் பேருந்தில் செல்லும் மகளுக்காக அவள் என்னிடம் யோசனை கேட்டாள். அவளிடம் கூறியதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

மலிவான சிறு கணினி புதிய சரக்கன்று. 2007இல் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்ற ஒன்றை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, 4 ஜிபி சேமிப்பிடம். மக்கள் ஆவலோடு வாங்கினர்; சில ஆண்டுகளில் அவ்வகையே சந்தையிலிருந்து மறைந்தது. நெருக்கமான விசைகளில் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வது எளிதா என்ன? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது 14 அங்குலத் திரையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவென்றே கருதுகிறேன்.

எனவே, விலையைக் கேட்குமுன் என்ன வேலைக்கு என்று கேளுங்கள். கட்டுரை எழுதுவது, இணைய வகுப்பு, மின்னஞ்சல், கிராஅத் கேட்பது ஆகியவை மட்டுமெனில் குரோம்புக் போன்ற மலிவுக் கணினி தாராளமாகப் போதும். ஆனால் வணிகவியல் மாணவிக்கு டேலி வேண்டும். டேலி பிரைம் விண்டோஸில் இயங்கும் மென்பொருள். குரோம்புக்கில் அதை நேரடியாக நிறுவ இயலாது. எங்கள் பட்டியலில் அது அப்போதே அடிபட்டுப் போயிற்று.

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும். மலிவுக் கணினிகள் பல அந்த விளிம்பிலேயே நிற்கின்றன. அவற்றில் பலவற்றில் இவ்விரண்டும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்டவும் வழியில்லை. அதே பணத்திற்கு 8 ஜிபி நினைவகம் கொண்ட, ஏற்கனவே பயன்படுத்திய நல்ல கணினி கிடைத்தால் அதுவே மேல். அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

பணம் போதாதபோது கடைக்காரர் "வட்டியில்லாத் தவணை" என்பார். இங்கேதான் சற்று நிற்க வேண்டும். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும், கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற போர்வையில் வாங்கப்படுகிறது என்றும் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. மார்க்கச் சட்டம் கூறும் தகுதி எனக்கில்லை. தவணைத் தாளை ஓர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால், "படிப்புக்காகத்தானே" என்று கண்ணை மூடிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வாங்கும்போது பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்க்கட்டும். பையில் வைத்துத் தூக்கிப் பார்க்கட்டும். கூட்டமான பேருந்தில் அதைச் சுமக்கப்போவது அவள்தான்.

தங்கை இன்னும் வாங்கவில்லை. முதல் பருவத்தில் டேலி பாடம் இல்லை என்று மகள் விசாரித்து வந்தாள். அதுவரை கல்லூரிக் கணினிக்கூடம் இருக்கிறது. அதற்குள் மீதித் தொகையும் சேர்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.