பாதை இல்லாத பக்கத்திலிருந்து

பிரான்சில் கடல் நடுவே இருக்கும் கோயில்மலையான மோன் சான் மிஷெலுக்குப் போக நல்ல பாலம் இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இலவசப் பேருந்து ஏற்றிக்கொண்டுபோய்க் கோட்டை வாசலுக்குச் சற்று முன்னால் இறக்கிவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் வருகிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் அதுதான் வழி. நாங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து போனோம். நார்மண்டிக் கரையில் ஜெனே என்று ஒரு கிராமம். அதன் ஓரத்தில் பெக் தாந்தேன் என்னும் மணல்மேடு. அங்கே செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு, கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு நின்றால், தூரத்தில் கூர்முடி வைத்த மலை தெரியும். நடுவே ஆறேழு கிலோமீட்டருக்கு ஈரமணல், சேறு, ஆறு. பாதை கிடையாது.

ஏற்பாடெல்லாம் ரென் நகரத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகளுடையது. "தேதியை நாம சொல்லலாம் மாமா, நேரத்தை அவங்கதான் சொல்வாங்க" என்றிருந்தாள். ஒருநாள் காலை ஒன்பதுக்குக் கிளம்பும் நடை, நாலைந்து நாள் கழித்து நண்பகல் தாண்டிக் கிளம்பும். கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதால் அப்படி. எங்கள் வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வெயிலில் கறுத்த கால்கள், கையில் கம்பு, சட்டைப்பையில் ஓத அட்டவணைப் புத்தகம். நம் வீட்டுப் பஞ்சாங்கம் போலத்தான் அதுவும் இருந்தது: தேதி, நேரம், எண்கள். ஒவ்வொரு நாளின் ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றரை நாள் கழித்து எண் ஏறும். இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பரில் உச்சிக்குப் போகும். 110-ஐத் தாண்டினால்தான் மலை முழுத் தீவாகும். 2015 மார்ச் 21-இல் 119 வந்தது. அதைப் பார்க்கவே பெருங்கூட்டம் திரண்டது. இந்த விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய நாட்களில் 14 மீட்டர் வரை போகும். இறங்கினால் அலையைக் காணக்கூடக் கிடைக்காது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

பிறகு திரும்பி வரும். குதிரைப் பாய்ச்சலில் வரும் என்பது பிரான்ஸ் முழுக்கப் பேச்சு. உண்மையில் மனிதன் எட்டி நடக்கும் வேகம்தான் என்றார் வழிகாட்டி அம்மா. ஆனால் முன்னாலிருந்து வராதாம். முதலில் ஓடைப் பள்ளங்கள் நிறையும். நாம் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் கரையை வெட்டிவிடும். அப்புறம் என்ன வேகமாக இருந்தால் என்ன?

முதல் அரைமணி நேரம் பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. கரையோரப் புல்வெளியில் ஆடுகள். உப்புப் புல் மேய்வதால் அவற்றின் கறிக்குத் தனி ருசி, தனி விலை. சேற்றில் குட்டையாக, சதைப்பற்றோடு ஒரு பச்சைச் செடி. ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போடச் சொன்னார். கரித்தது. நம் உப்பளங்களின் ஓரத்தில் முளைக்கும் உமரிக்கு நெருங்கிய சொந்தம். அதைத் தாண்டியதும் செடி இல்லை, கல் இல்லை, நிழல் இல்லை. காலுக்கடியில் அலை வரித்த மணல் வரிகள் உள்ளங்காலை உறுத்தின. அடுத்த பத்தடியில் வழவழப்பு. அதற்கடுத்து கணுக்கால் வரை சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றை இங்கே தாங் என்கிறார்கள். நுண்மணலும் வண்டலும் பொடிந்த சிப்பியும் கலந்தது. சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு என்பதால் முன்காலத்தில் வண்டி வண்டியாக அள்ளிப்போய் வயலுக்கு உரமாகப் போட்டிருக்கிறார்கள்.

உயிர் வாங்குவதும் அதே சேறுதான். ஓரிடத்தில் வழிகாட்டி அம்மா எங்களை நிறுத்தி, கெட்டியாகத் தெரிந்த தரையில் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தார். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி நாலடிக்குத் தரை தளும்ப ஆரம்பித்தது. முழங்கால் வரை இறங்கினார். சும்மா கிடக்கும் வரை கெட்டி. அசைத்தால் மணலுக்கிடையே இருக்கும் நீர் வழிவிட்டு எல்லாம் குழம்பாகிவிடும். அசைவு நின்றதும் மறுபடி இறுகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். சினிமாவில் காட்டுவதுபோல் ஆளை முழுசாக விழுங்காது. நம் உடம்பு அந்தக் குழம்பைவிட லேசு. பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவே. மிச்சத்தைக் கடல் வந்து பார்த்துக்கொள்ளும். வெளியே வருவதற்கு வழி, காலை நேரே மேலே இழுப்பதல்ல. அவர் பின்னால் சாய்ந்து, பாரத்தைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி நீரை உள்ளே விட்டு உருவினார்; பிறகு மண்டியிட்டு மற்றதை. எங்களில் விரும்பியவர்களை இறங்கிப் பார்க்கச் சொன்னார். நான் இறங்கினேன். மண் காலைக் கவ்வும் விசை ஆச்சரியமானது.

"ஒரே இடத்துல நிக்காதீங்களாம் மாமா. நடந்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாதாம்."

இந்த மணலில் மாட்டியவர்களில் ஊரறிந்த கூட்டம் ஒன்று பாயே சித்திரத் துணியில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் தைத்த, சுமார் 70 மீட்டர் நீளமுள்ள அந்தத் துணியில் ஓர் இடத்தில் மோன் சான் மிஷெல் தெரிகிறது. கீழே குவெனோன் ஆற்றைக் கடக்கும் நார்மண்டி வீரர்கள் புதைமணலில் சிக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஹெரால்டு ஒருவனை முதுகில் சுமந்து, இன்னொருவனைக் கையால் இழுத்துக் கரை சேர்க்கிறான். அவன் காப்பாற்றியது நார்மண்டித் தலைவன் வில்லியத்தின் ஆட்களை. ஓரிரு ஆண்டுகள் கழித்து, 1066-இல், அதே வில்லியத்தோடு நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் ஹெரால்டு செத்தான். தோற்கடித்தவன் பக்கத்து ஆட்கள் தைப்பித்ததாகக் கருதப்படும் துணியில் தோற்றவனின் இந்த நல்ல காரியத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் ஆயிரம் சொல்லலாம். அந்தச் சேற்றில் முழங்கால் வரை நின்ற பிறகு எனக்கு அதில் வியப்பில்லை. இங்கே ஒருவனை இழுத்துப் போட்டவனை மறப்பது கஷ்டம்.

ஆற்றை நான் சின்னதாக எண்ணியிருந்தேன். ஸே, ஸெலூன் என்று இரண்டு ஆறுகள் விரிகுடாவுக்குள் கலந்து ஓடிவருகின்றன. கண்ணுக்கு ஒரு பளபளப்பான பட்டைதான். இறங்கினால் தொடை வரை தண்ணீர், ஜூன் மாதத்திலும் எலும்பைக் கடிக்கும் குளிர், பக்கவாட்டில் நல்ல இழுப்பு. வழிகாட்டி அம்மா எங்களைக் கரையில் நிறுத்திவிட்டுத் தனியாக இறங்கிக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே இங்கும் அங்கும் போய்வந்தார். முந்தாநாள் கடந்த இடம் நாற்பது ஐம்பது அடி தள்ளி இருந்ததாம். இன்று அங்கே கரை செங்குத்தாக அறுத்திருந்தது. பிறகு எங்களை வரிசையாக இல்லாமல் அக்கம்பக்கமாகக் கைகோத்து இறங்கச் சொன்னார். எல்லோரும் ஒரே தடத்தில் மிதித்தால் பின்னால் வருபவனுக்குத் தரை குழம்பிப்போகும். ஆறு இடம்மாறுவது இங்கே அரசியலும்கூட. குவெனோன் புத்திகெட்டுத் தடம் மாறியதால்தான் மலை நார்மண்டிக்குப் போயிற்று, இல்லாவிட்டால் அது எங்களுடையது என்று பக்கத்து பிரத்தாஞ் மாகாணத்துக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள்.

பாதி வழியில் தோம்ப்லேன். ஆளில்லாத கருங்கல் பாறைத் தீவு. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் இதில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த மலையை முற்றுகையிட்டார்கள். 1434-இல் பெரும் தாக்குதலும் நடத்திப் பார்த்தார்கள், மலை விழவில்லை. அவர்கள் போட்டுவிட்டு ஓடிய இரண்டு இரும்புப் பீரங்கிகள் இன்றும் மலை வாசலுக்கு உள்ளே கிடக்கின்றன. தோம்ப்லேன் கோட்டையோ 1666-இல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே பறவைகள்தான் குடியிருக்கின்றன.

இந்த மணலில் யாத்திரை வந்தவர்களுக்கு மிக்லோ என்று பெயர். கதை 708-இல் தொடங்குகிறது. அவ்ராஞ்ச் நகரத்து ஆயர் ஒபேர் கனவில் அதிதூதர் மிக்கேல் தோன்றி, கடல் நடுவே இருக்கும் அந்தப் பாறையில் எனக்குக் கோயில் கட்டு என்றாராம். ஆயர் நம்பவில்லை. இரண்டாம் முறையும் நம்பவில்லை. மூன்றாம் முறை தூதர் பொறுமை இழந்து மண்டையில் விரலை வைத்து அழுத்தினார். துளையோடு கூடிய ஒரு மண்டையோடு அவ்ராஞ்சின் சான் ஜெர்வே தேவாலயத்தில் இன்னும் இருக்கிறது. 966-இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்தார்கள். 1023-இல் உச்சியில் பெரிய கோயில் தொடங்கியது. பாறையின் உச்சி கூரானது. அதன்மேல் நீளக் கோயில் நிற்காது. ஆகவே சரிவுகளைச் சுற்றி நிலவறைக் கோயில்களை எழுப்பி, அவற்றின் தலைமேல் தளம் அமைத்துக் கட்டினார்கள். போகுமுன் உயில் எழுதிவைத்துவிட்டுப் போ என்று யாத்திரிகர்களுக்குச் சொல்வழக்கே இருந்தது. வழியில் பனிமூட்டம் கவிந்தால் மலையிலிருந்து மணி அடிப்பார்கள். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். போய்ச் சேர்ந்தவர்கள் ஈயத்தில் வார்த்த சின்னஞ்சிறு சின்னங்களை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டார்கள்.

1879-இல்தான் கரையிலிருந்து மலைக்கு நிரந்தரச் சாலை போட்டார்கள். கடலுக்கு மேலே எழுந்த அணைக்கரை. பின்னால் அதன்மேல் ரயிலும் ஓடியது. யாருக்கும் உயில் எழுதும் தேவை இல்லாமல் போயிற்று. ஆனால் தண்ணீரின் போக்கைச் சாலை மறித்தது. ஏற்கனவே குவெனோனைக் கரைகட்டி ஒடுக்கி, பக்கத்துச் சதுப்பையெல்லாம் விளைநிலமாக மாற்றியிருந்தார்கள். ஏறும் கடல் கொண்டுவந்த வண்டலை இறங்கும் கடல் திருப்பி எடுத்துப்போக வலுவில்லை. மலையைச் சுற்றி மண் உயர்ந்துகொண்டே வந்தது. விட்டால் 2040 வாக்கில் புல்வெளி நடுவே நிற்கும் குன்றாகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். எனவே பெருஞ்செலவில் எல்லாவற்றையும் திருப்பிச் செய்தார்கள். 2009-இல் குவெனோன் வாயில் எட்டு மதகுகள் கொண்ட புதிய அணை. கடல் ஏறும்போது நீரை உள்ளே வாங்கி அடைத்து வைத்து, இறங்கியபின் திறந்துவிடுகிறார்கள். அந்த விசையில் வண்டல் அடித்துப்போகிறது. 2014-இல் டீட்மார் ஃபைக்டிங்கர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பாலம் திறந்தது. மெல்லிய எஃகுக் கால்களுக்கு நடுவே தண்ணீர் தடையின்றிப் போய்வரும். அடுத்த ஆண்டு பழைய சாலையைப் பெயர்த்தெடுத்தார்கள். ஒரு நாடு போட்ட சாலையைத் தானே பிடுங்கிக் கடலைத் திரும்ப அழைத்தது எனக்கு அந்தக் கோயிலைவிடப் பெரிய சமாசாரமாகப் படுகிறது. வேறு எங்கே நடக்கும் இது? நாமாக இருந்தால் சாலையை நாலு வழியாக்கியிருப்போம்.

மலையடியை அடைந்தபோது முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. எங்களுக்கு அங்கே கிடைத்தது ஒரு மணி நேரம். அதற்குமேல் கடல் இடம் தராது. வாசலுக்குள் நுழைந்தால் நேரே கடைத்தெரு. பொம்மை வாள், பிஸ்கட் டப்பா, காந்தச் சின்னம். 1888-இல் தொடங்கிய பிரபல முட்டை அடைக் கடையும் உண்டு. இங்கே முட்டையை நுரைக்க நுரைக்க அடித்துத் திறந்த அடுப்பில் வார்க்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். கடைத்தெருவைக் குறைசொல்லிப் பல பயணக் கட்டுரைகள் வந்துவிட்டன. நான் சொல்ல மாட்டேன். ஈயச் சின்னம் விற்ற காலத்திலும் இந்தத் தெரு இப்படித்தான் இரைந்திருக்கும்.

கோயிலை மறுநாள், 30 லட்சம் பேரோடு பேராகப் பாலம் வழியாக வந்து பார்த்தோம். 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மெர்வெய் கட்டடத் தொகுதியின் உச்சியில், மெலிந்த தூண்கள் சூழ்ந்த முற்றம் அழகுதான். என்னை அதிகம் நிறுத்தி வைத்தது கீழே இருந்த ராட்சத மரச்சக்கரம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் துறவிகளை அனுப்பிவிட்டு இந்த இடத்தைச் சிறையாக்கினார்கள். கைதிகள் சக்கரத்துக்குள் ஏறி நடப்பார்கள், சக்கரம் சுழன்று சரக்கைச் சரிவில் மேலே இழுக்கும். சிறையாக்கியவர்கள் மலைக்கு வைத்த பெயர் 'சுதந்திர மலை'. 1863 வரை சிறை இருந்தது. கோபுர உச்சியில் பொன்பூசிய மிக்கேல் 1897-இல் ஏறியவர், ஃப்ரெமியே என்ற சிற்பி வடித்தவர். 2016-இல் மெருகேற்ற அவரை ஹெலிகாப்டரில் இறக்கி, திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாள் பார்த்த எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் சுத்தமான காலோடு அந்த வாசலில் நுழைந்தபோது வரிசையில் நின்றது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

முதல் நாள் திரும்பும் நடையில் காற்று எதிரே வந்தது. பேச்சு குறைந்துவிட்டது. வழிகாட்டி அம்மா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்து, வேகத்தைக் கூட்டச் சொன்னார். தூரத்து மணல்திட்டில் கடல்நாய்கள் படுத்திருப்பதைக் காட்டினார், நிற்க விடவில்லை. ஆற்றங்கரையில் மறுபடி கம்போடு தனியே இறங்கித் தேடினார். காலையில் கடந்த இடத்தில் கடக்கவில்லை.

அக்கா மகளின் கைப்பேசியில் நாங்கள் நடந்த தடம் பதிவாகியிருந்தது. நேராக ஓரிடத்திலும் இல்லை. வளைந்து, பின்வாங்கி, மறுபடி வளைந்து கடலின் நீலத்துக்குள் ஓடும் ஒரு கோடு. அதை வழிகாட்டி அம்மாவிடம் காட்டி, அடுத்த மாதம் தோழிகளோடு வருகிறேன், அப்போது இது உதவுமே என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார், சிரித்தார், ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"அழிச்சிடச் சொல்றாங்க மாமா. நாளைக்குக் கூட்டத்தைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னால அவங்களே தனியா வந்து ஆத்தைப் பார்த்துட்டுத்தான் போவாங்களாம்."

கரை ஏறியதும் அவள் அடுத்த மாதத்துக்கு அவரிடமே ஆறு பேருக்குப் பதிவு செய்தாள். புறப்பாடு பிற்பகல் மூன்றேகால் என்று எழுதிக் கொடுத்தார்.