கல் இருக்கும் இடம்

கடலுக்கு அடியில் போய்ப் படம் பிடிக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று என் தங்கை மகன் கூப்பிட்டபோது, என்னுடைய நீச்சல் வெறும் கிணற்று நீச்சல்தான் என்பதை அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

"நீங்க தண்ணியில எறங்க வேண்டாம் மாமா. படகில் உக்காந்திருந்தாப் போதும்" என்றான்.

உட்கார்ந்திருக்கும் வேலையில் எனக்கு நீண்டகால அனுபவம் உண்டு. சம்மதித்துவிட்டேன்.

மாசி மாதம்; கடல் தெளிந்து கிடக்கும் காலம். நாகர்கோவிலிலிருந்து வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை வழியாக, வெளுப்பதற்குள் கடியப்பட்டணம் போய்ச் சேர்ந்தோம். இளைஞர்கள் ஆறு பேர். ஆளுக்கொரு காற்று உருளை, ரப்பர் உடை, வாத்துக்கால் போன்ற செருப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் காமிரா, அதற்குத் தனி விளக்கு. கல்யாண வீட்டு வாசலில் சமையல் சாமான் வந்து இறங்கினாற்போல் கரையெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார். எழுபதை நெருங்கிய வயது. சிப்பிக்கும் சிங்கி இறாலுக்கும் மூச்சடக்கி மூழ்கியவர். அவரிடம் இருந்த சாமான் இடுப்பில் கட்டிய ஒரு துண்டுதான்.

படகு கிளம்பியதும் மருமகன் எனக்குப் பாடம் நடத்தினான். 1893-ல் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சுக்காரர் கடலடியில் படம் பிடித்தாராம். 1943-ல் கூஸ்தோவும் காஞ்ஞானும், முதுகில் சுமந்த காற்றை வேண்டியபோது வேண்டிய அளவு சுவாசிக்கும் கருவியைச் செய்தார்களாம். பத்து மீட்டர் இறங்கினால் மேலே இருப்பதைப்போல் இரண்டு பங்கு அழுத்தம். இறங்க இறங்க வெளிச்சத்தில் முதலில் தொலைந்து போவது சிவப்பு நிறம், அதனால்தான் விளக்கு.

பெரியவர் இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் உள்ள ஒரு குறியை, அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிந்த இன்னொரு குறியோடு நேராக்கினார். பிறகு வேறு திசையில் அதேபோல் இன்னும் இரண்டு. கோடுகள் இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் வந்ததும், "இங்கன போடு" என்றார். நங்கூரம் விழுந்தது. பாடப் புத்தகத்தில் நான் வெறுத்த க்ஷேத்திரகணிதம் இத்தனை அழகானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எழுத்தாளன் புத்தி சும்மா இருக்குமா? அந்த நான்கு குறிகளையும் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இளைஞர்கள் இரண்டிரண்டு பேராக, முதுகுப்புறமாகச் சாய்ந்து கடலில் விழுந்தார்கள். கொஞ்ச நேரம் குமிழிகள் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் சுகமாக மேலே வந்தார்கள். கிளம்பும்போது நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. இளைஞர்களின் கைக்கருவி உடனே மறுபடி இறங்கக் கூடாது என்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்தார், போய்விட்டார். நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி எழுபதைத் தாண்டிய பிறகு, கயிறு தளர்ந்து அவர் தலை தெரிந்தது.

திரும்பும்போது மருமகன் காமிராவின் சிறிய திரையை அவரிடம் காட்டினான். பாறை முழுக்கக் கடற்பஞ்சு, ரத்தச் சிவப்பில் பூத்துக் கிடந்தது.

"இது எந்தக் கடலு மக்கா?" என்றார்.

"இப்ப பாத்த கல்லுதான் பாட்டா."

அவர் திரையை முகத்தருகே கொண்டுபோனார். "இது கறுப்பில்லா? அடியில பாத்தா கறுப்பாத்தான் இருக்கும். வலையில வந்தா மட்டும் செவப்பா இருக்கும். சிங்கி, சட்டியில வெந்தாச் செவக்குமே, அது மாதிரி செத்தபெறகு செவக்குதுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஐம்பது வருஷமாகத் தொட்டுப் பழகிய இடத்தின் நிறத்தை ஒரு மனிதர் அப்போதுதான் பார்க்கிறார்.

மருமகன் உற்சாகத்தில் கைப்பேசியை எடுத்தான். அதில் அந்த இடத்தைப் புள்ளி போட்டு வைத்திருந்தான். படத்தோடு அதையும் நாலு பேருக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். பெரியவர் முகம் மாறிவிட்டது.

"அது வேண்டாம் மக்கா. எங்கப்பன் சாவதுக்கு முந்தி என்னைய மட்டும் கூட்டிட்டு வந்து காட்டின கல்லு. நான் என் மவனுக்குக் காட்டினேன். வேற யாரிட்டயும் சொல்லப்பிடாது."

வள்ளியாறு கடலில் சேரும் முகத்தையும், அதற்கப்பால் மணவாளக்குறிச்சிக் கரையையும் பார்த்தபோது எனக்கு ஒரு பழைய சமாசாரம் ஞாபகம் வந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். எங்கள் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடிய மணலுக்கு அன்றுமுதல் விலை வந்தது. அள்ளுவதற்கு ஆளும் வந்தது. இன்னது இன்ன இடத்தில் இருக்கிறது என்ற ஒரு வரிக்கு அவ்வளவு சக்தி! மருமகனிடம் இதைச் சொன்னேன்.

அவனும் லேசுப்பட்டவனல்ல. "2016-ல் இனயம் துறைமுகத்துக்கு மத்திய மந்திரிசபை கொள்கையளவில் சம்மதம் கொடுத்ததே மாமா, மறந்துட்டீங்களா? மீனவங்க எதிர்த்து நின்னாங்க. கீழே என்ன இருக்குன்னு காட்டப் படமே இல்லேன்னா, வெறும் தண்ணிதானேன்னு சொல்லிட மாட்டாங்களா? திருவனந்தபுரத்துல ராபர்ட் பனிப்பிள்ளையும் அவரோட 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' குழுவும் கடலடிப் பாறைகளைப் படம் பிடிக்கறது எதுக்கு? பாக்காத ஒண்ணுக்காக யாரு பேசுவாங்க?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. தீர்ப்புச் சொன்னது பெரியவர்தான். "படத்தக் காட்டு மக்கா. ஊரெல்லாம் காட்டு. எடத்தக் காட்டாதே" என்றார். மருமகன் அவர் பார்க்கும்படியே அந்தப் புள்ளியை அழித்தான்.

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "சாரு எழுதுகவரு இல்லா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் என் சட்டைப்பை திடீரென்று கனத்தது. கைப்பேசிக்காரனுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்த நான், அவனுக்கு முன்பே, அதுவும் கேட்காமலே, எடுத்துக்கொண்டுவிட்டேனே! எத்தனை பேருடைய வீட்டுச் சேதிகளை இதே நோட்டில் இப்படி எடுத்திருப்பேன்! நோட்டை எடுத்து, அந்தத் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. நனைந்த துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

கரையில் இறங்கியதும் மருமகனைத் தனியே கூப்பிட்டு, அந்தச் சிவப்புப் படத்தைக் காகிதத்தில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரிக்கிக் காட்டணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து, கல்லுக்குப் போறேன், கல்லுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு எறங்குகேன். அவ அதப் பாத்ததே இல்ல."

அடுத்த வாரமே அனுப்பிவைத்தோம். சட்டம் போட்டு வீட்டுக்குள் மாட்டியிருப்பதாக மருமகன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். வருகிறவர்கள், இது எங்கே எடுத்த படம் என்று கேட்கிறார்களாம். அந்த அம்மாள், "கடல்ல" என்று மட்டும் சொல்கிறாளாம்.