எல்லை என்ற பாடம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. 61 நாட்கள். மீன்களின் இனப்பெருக்கத்துக்கு என்று அரசாங்கம் ஒதுக்கிய காலம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். இந்த இரண்டு காத்திருத்தல்களையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நகைக்கடன் விண்ணப்பம் தேவைப்பட்டது.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை மீஞ்சூரில் இருக்கிறது. காட்டுப்பள்ளியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் வருகிறவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசம். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்போதும் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், மறுபக்கம் வங்காள விரிகுடா, நடுவே நீண்ட மணல்திட்டு. அதன்மேல் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. துறைமுகத்துக்காக ஒரு மீனவர் குப்பமே இடம் மாறியிருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் மே மாத ஆரம்பத்தில் வந்தார்கள். கணவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. தடைக்காலம், ஆகவே வருமானம் இல்லை. ஒரு ஜோடிக் கம்மல், ஒரு சங்கிலி. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதற்குக் கடன் என்ற கட்டத்தை நிரப்புவதற்காகக் கேட்டேன்.

"புள்ளைக்குக் கணக்கு நல்லா வருது சார். டவுன்ல ஒரு ஸ்கூல்ல இப்பவே பதினொண்ணாங் கிளாஸ் கணக்கு ஆரம்பிச்சுட்டாங்களாம். நாப்பது நாள்ல பாதிப் புஸ்தகம் முடிச்சுடுவாங்களாம். ரிசல்ட்டு வர்ற வரைக்கும் இருந்தா சீட்டு முடிஞ்சிடும்னு சொல்றாங்க."

இந்த வகுப்புக்கு 'ப்ரிட்ஜ் கோர்ஸ்' என்று பெயர். பாலம் என்று மொழிபெயர்க்கலாம். இந்தக் கரையில் பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. அந்தக் கரையில் ஐ.ஐ.டி. இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பதினொன்றாம் வகுப்பை ஒரு கோடையிலும் சில மாதங்களிலும் கடந்து, மீதிக் காலம் முழுவதையும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வுக்கும் வைத்துக்கொள்வதுதான் திட்டம்.

"ரிசல்ட் வரட்டுமேம்மா. அரசாங்கப் பள்ளிக்கூடத்திலும் இதே பாடம்தானே" என்றேன். குமாஸ்தா பேசக்கூடிய பேச்சு அல்ல. ஆனால் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "காத்துக் கெடக்கறது எங்களுக்குப் பழக்கந்தான் சார். அதுவாச்சும் காத்துக் கெடக்க வேணாம்னுதான்."

கடன் அன்றே கொடுக்கப்பட்டது. அந்த வாக்கியம் என்னிடம் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் சொல்லும் முயற்சி. பதில் சரியாக வரவில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

நான் பிளஸ் டூ எழுதியது 2007-இல். தமிழ்நாட்டில் தொழிற்கல்லூரிகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்த முதல் வருஷம். பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். நான் படித்த தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். அந்தப் புத்தகத்தில் 'வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' என்று அத்தியாயங்கள் உண்டு. பயன்பாடுகளை நான் மூன்று முறை படித்தேன். எது பயன்படுத்தப்படுகிறது என்பதைப் படிக்கவில்லை. அது திறக்காத புத்தகத்தில் 'எல்லை' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

200க்கு 187 வந்தது. கணிதம் படிக்க ஆசைப்பட்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். அங்கே ஒரு முதிய பேராசிரியர், "எல்லை என்றால் என்ன?" என்று கேட்டார். நான் ஒரு சூத்திரத்தை ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அது வேறே தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் நான் பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தேன்.

எல்லை என்பது, நெருங்கிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பற்றிய கருத்து. போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று அது கேட்பதில்லை. எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் போக முடியுமா என்று மட்டும் கேட்கிறது. கணிதத்திலேயே மிகப் பொறுமையான கருத்து இதுதான் என்று தோன்றுகிறது. அவசரக்காரர்கள் முதலில் தாண்டியது இதையே என்பது தற்செயல் அல்ல என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். பி.ஏ.வில் எனக்குக் கிடைத்த லாபம், கீட்ஸ் 1817 டிசம்பரில் தன் சகோதரர்களுக்கு எழுதிய ஒரு கடிதம். உண்மையையும் காரணத்தையும் தேடிப் பதறாமல் நிச்சயமின்மையிலேயே தங்கியிருக்கும் திராணியைப் பற்றி அவன் அதில் பேசுகிறான். விமர்சனம் என்று நான் எழுதியவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த ஒரு எண்ணம்தான். ஒரு கவிதையின் முன் முடிவு தெரியாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே வாசிப்பு என்று நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் சரித்திரம் என் பக்கம் இல்லை. நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை 17ஆம் நூற்றாண்டில் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அடித்தளம் கிடையாது. பூஜ்யமாகிவிடும் ஒன்றால் எப்படி வகுத்தீர்கள் என்று 1734-இல் பிஷப் பெர்க்லி கேட்டபோது யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை. கோஷி 1821-இல் ஒரு பாடப்புத்தகத்தில் எல்லையை மையமாக வைத்தார். வயர்ஸ்ட்ராஸ் பிறகு அதைத் துல்லியமாக்கினார். அதாவது மனித குலமே பயன்பாடுகளை முதலில் படித்துவிட்டு, எல்லையை ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் படித்தது. என் பள்ளி செய்ததும் அதுதானே என்று யாராவது கேட்டால் என்னிடம் வாதம் இல்லை.

ராமானுஜன் விஷயம் இன்னும் சங்கடமானது. கும்பகோணத்தில் அவர் கையில் 1903 வாக்கில் கிடைத்த புத்தகம் ஜி.எஸ். கார் தொகுத்தது. கார், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்த ஒரு ட்யூஷன் வாத்தியார். ஏறக்குறைய 5000 முடிவுகள், நிரூபணங்கள் சொற்பம். இன்றைய பாஷையில் அது ஒரு கைடு. நாம் இகழ்கிற சரக்கிலிருந்துதான் அவர் புறப்பட்டார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனை காலம் இருந்தார் என்பதில். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, 1907-இல் எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேரும் வரை அவருக்குப் பட்டமும் இல்லை, நிலையான வேலையும் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் பெரும்பகுதி நிரம்பியது அந்த வருஷங்களில்தான்.

இந்த இடத்தில் 'ஆகவே காத்திருத்தலே ஞானம்' என்று முடித்துவிடலாம். சில வருஷங்களுக்கு முன் என்றால் அப்படித்தான் முடித்திருப்பேன். இப்போது அந்தத் தாய் குறுக்கே நிற்கிறாள். அந்த வருஷங்களில் ராமானுஜன் பட்டினி கிடந்தார். 1910-இல் அறுவை சிகிச்சைக்குப் பணமில்லாமல், ஒரு மருத்துவர் இலவசமாகச் செய்ததால் தப்பினார். பிறகு நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பதிலுக்கு அவர் எதையும் கேட்கவில்லை. ராமானுஜன் கேட்டதும் அவகாசம் ஒன்றைத்தான். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் கொடுத்ததும் அந்த அவகாசத்துக்கே. காத்திருத்தலுக்குச் செலவு உண்டு, அதை யாரோ கொடுத்தாக வேண்டும். காத்திருத்தலைப் போற்றி எழுதுகிற எனக்கு மாதம் முடிந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அரசாங்கம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பதினொன்றாம் வகுப்பைப் பள்ளிகள் தாண்டிப் போகின்றன என்பதற்காகவே 2018 மார்ச்சில் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அது நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மனச்சுமையைக் குறைப்பதற்கு என்றார்கள், அதுவும் நியாயம்தான். பரீட்சை வைத்தால் பாடம் சுமையாகிறது. எடுத்தால் பாடமே காணாமல் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதினைந்து வயதுப் பெண் தனக்கென்று ஒரு வருஷம் கேட்டால், கொடுப்பதற்கு யாரிடமும் ஏற்பாடு இல்லை. எங்கள் வங்கியில் கட்டணத்துக்குக் கடன் உண்டு. அவகாசத்துக்குக் கடன் கிடையாது. மீன்களுக்காவது 61 நாள் உண்டு. அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்கு ஒரு நிவாரணத் தொகையும் உண்டு. சும்மா இருப்பதற்காக அரசாங்கம் பணம் தருவதை நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

ஜூலையில் தாயும் மகளும் வட்டி கட்ட வந்தார்கள். கணக்கில் 96 என்றாள் தாய். மகள் அந்தப் பள்ளியிலேயே சேர்ந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. "எல்லை நடத்திட்டாங்களா?" என்றேன்.

"முடிச்சுட்டாங்க சார். ரெண்டு நாள்."

"புரிஞ்சுதா?"

தாயைப் பார்த்தாள். பிறகு கவுன்ட்டர் கம்பிக்கு அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "சைன் எக்ஸ் பை எக்ஸ், ஒண்ணுன்னு எழுதினா மார்க் சார். எழுதிடுவேன். ஆனா எக்ஸ் பூஜ்யமாப் போவுது, மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம். பூஜ்யத்தால எப்பிடி சார் வகுக்கறது? கேட்டா, அதெல்லாம் காலேஜ்ல வரும்னாங்க."

இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்கிறது. அவள் வயதில் எனக்கு வரவில்லை. 187 வாங்கும் வரையிலும் வரவில்லை.

பதிலை முழுசாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்த மட்டும் சொல்லலாம் என்று ஒரு செல்லானைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சிறிய கோணம் வரைந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரோ, "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்றார்கள். செல்லானை அவளிடமே கொடுத்துவிட்டு, வட்டி ரசீதில் முத்திரை வைத்தேன்.