நான் நடத்தாத ஐந்தாவது யூனிட்

பொறியியல் கல்லூரியில் இரண்டாமாண்டு பிள்ளைகளுக்குப் பல வருடம் ஜாவா எடுத்திருக்கிறேன். அதில் ஐந்தாவது யூனிட், அதாவது விண்டோ, பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் வைத்துப் புரோகிராம் எழுதும் ஜியுஐ பகுதி, என் வகுப்பில் நடக்கவே இல்லை. பாடத்திட்டத்தில் அது இருந்தது. லாக் புக்கில் தலைப்பு எழுதி, நடத்தி முடித்ததாகத் தேதி போட்டிருக்கிறேன். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. நேரம் போதவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கே அது புரியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று ஆசிரியர் வேலையில் இருக்கிறார்கள். என் நோட்ஸின் ஜெராக்ஸ் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால் அந்த நோட்ஸில் என்ன தவறு என்பதை நானே சொல்லியாக வேண்டும்.

லேப் நடந்த விதத்தை முதலில் சொல்கிறேன். ஜியுஐ பயிற்சி வரும்போது செமஸ்டர் முடியும் தறுவாயில் இருக்கும். மாடல் லேப் தேதி வந்திருக்கும். நான் கால்குலேட்டர் புரோகிராமைப் புரொஜக்டரில் போடுவேன்; பிள்ளைகள் பார்த்து அடிப்பார்கள். எங்கே செமிகோலன் விட்டுப்போயிற்று, எங்கே அடைப்புக்குறி மூடவில்லை என்று லேப் அசிஸ்டென்ட் வரிசை வரிசையாகப் போய்ப் பார்ப்பார். திரையில் விண்டோ வந்ததும் "அவுட்புட் வந்துருச்சு மேம்" என்று கை தூக்குவார்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டினால் பயிற்சி முடிந்தது. கொஞ்சம் வேகமான பிள்ளைகள் நெட்பீன்ஸில் பட்டனை இழுத்துப் போட்டே விண்டோவைக் கட்டிவிடுவார்கள். அது தானாக எழுதிவைக்கும் கோடு கைவைக்க முடியாதபடி பூட்டியிருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்ததில்லை, அவர்களையும் பார்க்கச் சொன்னதில்லை.

அந்தக் கால்குலேட்டர் முழுவதும் ஒரே கிளாஸ். முதல் வரியிலேயே ஜேஃப்ரேமை எக்ஸ்டெண்ட் செய்து, ஆக்‌ஷன்லிசனரை இம்ப்ளிமென்ட் செய்யும். பட்டன்கள் எல்லாம் அதற்குள், முதல் எண் அதற்குள், எந்தக் கணக்கு என்ற குறி அதற்குள். பட்டனை அழுத்தினால் ஓடும் மெத்தட் ஒன்றுதான். அழுத்தியது எந்தப் பட்டன் என்று இஃப், எல்ஸ் இஃப் போட்டு இரண்டு பக்கத்துக்கு நீளும். கூட்டலும் கழித்தலும் அந்த ஏணியின் படிகளுக்கு நடுவே நடக்கும்.

முதல் யூனிட்டில் இன்ஹெரிட்டன்ஸ் நடத்தியபோது, ஒன்று இன்னொன்றின் ஒரு வகையாக இருந்தால்தான் எக்ஸ்டெண்ட் செய்யலாம் என்று போர்டில் எழுதிப் போட்டவள் நான். கார் ஒரு வகை வண்டி, மேனேஜர் ஒரு வகை ஊழியர். ஐந்தாவது யூனிட்டில் அதே நான், கால்குலேட்டர் ஒரு வகை விண்டோ என்று எழுதவைத்தேன். கால்குலேட்டர் விண்டோவின் வகை இல்லை. அது விண்டோ வழியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். என்கேப்சுலேஷன் என்றால் என்ன என்று வைவாவில் கேட்டால் எல்லோரும் வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். அவர்கள் கையில் இருந்த ரெக்கார்டிலோ அதற்கு நேர் எதிரான கோடு இருந்தது. அதில் பச்சை மையில் டிக் போட்டவளும் நான்தான்.

பட்டன்களை வைக்கும் இடத்திலும் இதே கதைதான். ஜேஃப்ரேமில் இடம் சொல்லாமல் இரண்டு பட்டனைச் சேர்த்தால் கடைசியாகச் சேர்த்தது மட்டும்தான் தெரியும். அதன் இயல்பான அமைப்பு பார்டர்லேஅவுட். இடம் சொல்லாவிட்டால் எல்லாமே நடுவில் போய் உட்காரும், நடுவில் ஒன்றுக்குத்தான் இடம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் சொன்னது வேறு. லேஅவுட்டை நல் என்று போட்டுவிடு, ஒவ்வொரு பட்டனுக்கும் எக்ஸ், ஒய், அகலம், உயரம் நீயே கொடு என்றேன். அப்போதைக்கு வேலை நடந்தது. விண்டோவைப் பெரிதாக்கினால் எல்லாப் பட்டனும் இடது மேல் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தின் அளவு வேறாக இருக்கும் கம்ப்யூட்டரில் பட்டன் மேல் உள்ள சொல் பாதியில் வெட்டுப்படும். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பெரிதாக்காதே என்று பதில் சொன்னேன்.

எனக்கு இன்னமும் உறுத்துவது இன்னொன்று. அந்தக் கால்குலேட்டரில் ஏழு, பிளஸ், எட்டு, பிளஸ், ஒன்பது, ஈக்வல் என்று அழுத்தினால் 24 வராது, 17 வரும். இரண்டாவது பிளஸை அழுத்தும்போது, நடுவில் வந்த கூட்டுத்தொகையைப் போடாமல், திரையில் இருக்கும் எட்டை முதல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஏழு தொலைந்துபோகும். இது எனக்குத் தெரியும். ஒரு மாணவன் காட்டித்தான் தெரிந்தது. அந்த ஏணிக்குள் போய்த் திருத்தப் பயமாக இருந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். பிராக்டிகல் எக்ஸாம் அன்று பிள்ளைகளிடம், "எக்ஸ்டர்னல் வந்தா ரெண்டு நம்பர் மட்டும் போட்டுக் காட்டுங்கப்பா" என்று சொன்னேன். அவர்களும் அப்படியே காட்டினார்கள். வந்தவரும் மார்க் போட்டுவிட்டுப் போனார். தவறான புரோகிராமைச் சரியானதுபோல் காட்டுவது எப்படி என்பதைத்தான் அன்று அவர்கள் என்னிடம் கற்றார்கள்.

ஒரு பெண் கேட்ட கேள்வி இருக்கிறது. கிராமத்துப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் லேப்பில் எழுந்து நின்று, "மேம், மெயின்ல கடைசி வரியும் முடிஞ்சிருச்சே. அப்புறமும் புரோகிராம் ஏன் முடியல? பட்டனை அமுக்குறப்ப யாரு அந்த மெத்தடைக் கூப்பிடுறா?" என்று கேட்டாள்.

ஜியுஐ பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதுவரை அவர்கள் எழுதிய ஒவ்வொரு புரோகிராமும் மெயினில் தொடங்கி மெயினில் முடிந்தது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை விரல் வைத்துப் பின்தொடரலாம். இங்கே முதல்முறையாக, தான் எழுதிய மெத்தடைத் தான் எங்குமே கூப்பிடவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். வகுப்பில் வேறு யாருக்கும் அது படவில்லை. எனக்கும் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

"அதெல்லாம் ஜேவிஎம் பாத்துக்கும். எக்ஸாமுக்கு வராது, உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். அதன் பிறகு என் வகுப்பில் அவள் எதுவுமே கேட்கவில்லை. தெரியாது, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அறுபது பேர் முன்னால் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. ஆசிரியருக்குத் தெரியாது என்று தெரிந்துவிட்டால் மரியாதை போய்விடும் என்ற பயத்தை, நான் படித்த காலத்திலிருந்தே சுமந்து வந்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு அவளுடைய கேள்வியைப் பலி கொடுத்தேன்.

அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். விண்டோவைத் திரையில் கொண்டுவந்ததும் ஜாவா தனியாக இன்னொரு த்ரெட்டை ஓடவிடுகிறது. ஈவென்ட் டிஸ்பாட்ச் த்ரெட் என்று அதற்குப் பெயர். மௌஸ் கிளிக், கீபோர்டில் தட்டிய எழுத்து எல்லாம் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அந்த த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் பட்டனிடம் யார் யார் பெயர் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுடைய மெத்தடைக் கூப்பிடும். நீ ஆட்ஆக்‌ஷன்லிசனர் என்று எழுதிய வரிதான் பெயர் கொடுத்த வரி. மெயின் முடிந்தாலும் அந்த த்ரெட் காத்துக்கொண்டிருப்பதால் புரோகிராம் உயிரோடு இருக்கிறது. ஜேஃப்ரேமின் எக்ஸ் குறியை அழுத்தினால் இயல்பாக விண்டோ மறையத்தான் செய்யும், புரோகிராம் நிற்காது. எக்ஸிட் ஆன் குளோஸ் என்ற வரியை எல்லோரும் ஏன் எழுதுகிறோம் என்பதற்கும் அதுவே விடை.

இதை நான் தெரிந்துகொண்டது பாடத்திட்டம் மாறிய பிறகு. அதுவரை ஜியுஐக்கு இருந்த ஸ்விங் போய் ஜாவாஎஃப்எக்ஸ் வந்தது. 2018-ல் வந்த ஜாவா 11-லிருந்து ஜாவாஎஃப்எக்ஸ் ஜேடிகேயை விட்டுத் தனியாகப் பிரிந்துவிட்டதால், எங்கள் லேப் கம்ப்யூட்டர்களில் இம்போர்ட் வரியிலேயே எரர் வந்து நின்றது. புதிதாகப் புரொஜக்டரில் போட என்னிடம் மனப்பாடமான புரோகிராம் இல்லை. ஸ்விங்கைப் புரிந்து படித்திருந்தால் இதற்கு மாறுவது சில நாள் வேலை. எனக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நிஜமாகவே படித்தேன்.

படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. விண்டோவும் ஆப்ஜெக்டும் ஒன்றாக வளர்ந்தவை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் ஆலன் கே, டேன் இங்கல்ஸ், அடெல் கோல்ட்பர்க் போன்றவர்கள் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியபோது, குழந்தைகளும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணத்தில் இருந்தது. கப்பல் கட்டும் தளங்களுக்கு மென்பொருள் எழுதிய நார்வேக்காரர் ட்ரிக்வே ரீன்ஸ்காக் அங்கே விருந்தினராக வந்திருந்து, 1979-ல் மாடல்-வியூ-கன்ட்ரோலர் என்ற அமைப்பை எழுதிவைத்தார். தகவல் ஒரு பக்கம், அதைக் காட்டுவது ஒரு பக்கம், பயனாளரின் கையசைவைக் கேட்பது ஒரு பக்கம். இரண்டு மதிப்பெண் கேள்வியாக நான் வருடாவருடம் கொடுத்தது இதைத்தான். என் கால்குலேட்டர் அதை மீறியிருக்கிறது என்பது ஒருநாளும் மண்டையில் ஏறவில்லை.

ஆப்ஜெக்ட் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வழியே இல்லை என்று சக ஆசிரியர்களிடம் குறைப்பட்டிருக்கிறேன். வழி பக்கத்திலேயே இருந்தது. மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோசன்பர்கும் உருவாக்கிய புளூஜேயில் ஆப்ஜெக்ட் ஒரு சிவப்புப் பெட்டியாகத் திரையில் நிற்கும். அதை ரைட் கிளிக் செய்து மெத்தடைக் கூப்பிடலாம். ஐசிஎஸ்இ பள்ளிகளில் அதை வைத்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தும், பள்ளிப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று தள்ளிவைத்தேன்.

இப்போது வகுப்பை வேறு விதமாகத் தொடங்குகிறேன். கால்குலேட்டர் கடைசியில்தான். முதலில் ஒரு கவுண்டர்: ஒரு எண், அதை ஒன்று கூட்ட ஒரு மெத்தட், குறைக்க ஒரு மெத்தட். விண்டோ கிடையாது. மெயினில் வைத்தே சரிபார்க்கிறோம். பிறகு அதைக் காட்ட ஒரு விண்டோ எழுதுகிறார்கள். பிறகு அதே கவுண்டர் ஆப்ஜெக்டை இரண்டாவது விண்டோவுக்கும் கொடுக்கச் சொல்கிறேன். எண் மாறினால் இரண்டு விண்டோவுக்கும் கவுண்டர் தகவல் சொல்ல வேண்டும். அதற்கு லிசனர் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு விண்டோவில் பட்டனை அழுத்தினால் இரண்டிலும் எண் மாறுகிறது. ஆப்ஜெக்ட் ஒன்று, அதற்கு முகம் இரண்டு என்பதை யாரும் விளக்காமலே பார்க்கிறார்கள். மறுநாள் பட்டனுக்கான மெத்தடில் த்ரெட் டாட் ஸ்லீப் போட்டுப் பத்து வினாடி தூங்கவிடச் சொல்கிறேன். பட்டன் அழுந்தியபடியே நிற்கும், எதை அழுத்தினாலும் விண்டோ அசையாது. ஏன் என்று அவர்களே கேட்கிறார்கள். த்ரெட்டும் வரிசையும் அப்போது வருகின்றன. இதற்கெல்லாம் சேர்ந்து நான்கு பீரியட் ஆகிறது. புரொஜக்டரில் கால்குலேட்டர் போட்டு அடிக்கவைத்த காலத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருக்கும். நேரம் போதவில்லை என்று நான் சொன்னது பொய்.

இறுதியாண்டு புராஜக்ட் ரிவ்யூவில் உட்காரும்போது பழைய பாவம் எதிரே வந்து நிற்கும். ஒரே சேவ் பட்டனுக்குள் டேட்டாபேஸ் கனெக்‌ஷன், எஸ்கியூஎல் வரி, கணக்கு, எரர் செய்தி எல்லாம் அடைந்து கிடக்கும். இப்படியா எழுதுவது என்று அந்தப் பிள்ளைகளைக் கடிந்திருக்கிறேன். அவர்களுக்கு அப்படி எழுதக் கற்றுக்கொடுத்த கை என்னுடையது. அந்தக் கடுஞ்சொல்லுக்காக அவர்களிடமும், லேப்பில் உட்காரச் சொன்னதற்காக அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் நோட்ஸை வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு: அதில் ஐந்தாவது யூனிட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அந்தக் கால்குலேட்டரை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் முதலில் விண்டோ இல்லாத கால்குலேட்டர் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஏழு, எட்டு, ஒன்பதைக் கூட்டி 24 வந்த பிறகு பட்டனுக்குப் போகலாம்.