கலெக்டர் பின்னால் போன பாதை

கட்டபொம்மன் கதையைப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் தொடங்கிக் கயத்தாற்றுப் புளியமரத்தில் முடிப்பதுதான் வழக்கம். என் கணக்கில் சண்டை ஒரு பாதையில் தொடங்கியது. 1798 மே கடைசியில் பாளையத்தின் கிஸ்தி பாக்கி 3,310 பகோடா. ஆகஸ்டில் கும்பினிக் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனுக்கு ராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி உத்தரவு அனுப்பினார். அனுப்பிவிட்டு, ஊர் ஊராக முகாம் போட்டுக்கொண்டே போனார்.

குற்றாலத்தில் பேட்டி கிடையாது. சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர்: நடை மட்டும்தான் மிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்க மறுத்தார். பேரையூர், பாவாலி, பள்ளிமடை. பரிவாரத்தோடு கட்டபொம்மன் பின்தொடர்ந்தது 23 நாள், சுமார் 400 மைல். கிஸ்தி வசூலிப்பதற்கு இவ்வளவு தூரம் இழுத்தடிக்க வேண்டியதில்லை.

பள்ளிமடை தாண்டினால் எங்கள் கமுதி. வழியெல்லாம் சீமைக்கருவை, ஆங்காங்கே புகையும் கரிமூட்டம். குண்டாற்றங்கரையில் சேதுபதி காலத்துக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. ஊருக்கு வெளியே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கண்ணெட்டும் தூரம் மினுங்குகிறது, ஆற்றுக்குத்தான் நாதியில்லை. மணலை அள்ளினார்கள், மிஞ்சிய இடத்தைக் கருவை பிடித்துக்கொண்டது.

பங்குனியில் முத்துமாரியம்மனுக்குச் சேத்தாண்டி வேடம் போடுவார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை களிமண் சேறு. கண் மட்டும்தான் தெரியும். கையில் வேப்பங்குலை. அம்மை போட்டவர்களும் தோல் நோய் வந்தவர்களும் நேர்ந்துகொள்வது. எனக்கும் சின்ன வயதில் அம்மை போட்டு, அப்பத்தா நேர்ந்துவிட்டாள். கண்மாய்க் கரையில் மாமாதான் சேற்றைக் குழைத்து அப்பினார். முதலில் ஒரே குளிர்ச்சி. கடைவீதி வருவதற்குள் வெயிலில் காய்ந்து, சிரித்தால் கன்னம் வெடிக்கும். ஜவுளிக்கடைக்காரரும் கொத்தனாரும் பக்கத்தில் ஆடினார்கள். யார் யாரென்று தெரியவில்லை. சொந்த அம்மாவே என்னைத் தாண்டிப் போய் வேறொரு பையனுக்குப் பானகம் கொடுத்தாள்! இப்போது அந்தக் கரையில் இறங்கவே கருவையை வெட்டித்தான் வழி உண்டாக்க வேண்டும்.

கட்டபொம்மன் கடந்துபோன மறுவருடம், 1799 ஏப்ரலில், இந்தச் சீமையில்தான் கும்பினியை எதிர்த்த மயிலப்பன் சேர்வைக்காரரின் ஆட்கள் முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கி ஆயுதங்களை எடுத்துக்கொண்டார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் புதிதாக ஒரு கோட்டையே கட்டினார்கள். கயத்தாற்றில் சிலை நிற்கிறது. நல்லதுதான். கலெக்டர் பின்னால் போன இந்தப் பாதைக்கு ஊருக்கொரு மைல்கல் நட என்ன செலவாகிவிடும்?

அந்த 23 நாள் நடைக்குப் பிறகு ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது, மூன்று மணி நேரம் நிற்கவைத்து என்கிறார்கள். வெளியேறும்போது கோட்டை வாசலில் கைகலப்பு. கும்பினியின் லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். சென்னையில் கும்பினி விசாரணைக் குழு அமைத்தது. ஜாக்சனின் வேலை போயிற்று. அடுத்து வந்தவர் லூஷிங்டன். 1799 மார்ச்சில் அவரும் கட்டபொம்மனுக்குக் கடிதம் எழுதினார்: தன்னை வந்து பார்க்கும்படி.